மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும்: அதிகாரம் எங்கே, பொறுப்பு யாருக்கு?

கிராம மக்கள் தங்கள் குறைகளை எடுத்துரைத்து மகஜர் எழுதுவது நாடெங்கும் நடைபெறும் செயலாகும். மகஜர் உரிய இடத்துக்குச் சென்றால் காரியம் கைகூடுகிறது. உரிமையற்ற இடத்துக்குச் சென்றால், அது மேஜைக்கு மேஜை மாறி, தமது அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று என்ற குறிப்புடன் திரும்பி வருகிறது. அதற்குள் ஒரு போகம் கழிந்து விடுகிறது. ரயில்வே கேட்டுக்காக மாநில மந்திரியிடமும், ஏரி மதகுக்காகப் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் முறையிடுவோர் இன்றும் உளர். அவர்கள் பரிந்துரை செய்யலாமேயன்றி ஆணை பிறப்பிக்க இயலாது.

ஆகவே, மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கத்துக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம். இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய படிப்பன்று. நம் வயலுக்கு வரும் நீர், நெல்லுக்குக் கிடைக்கும் விலை, பஞ்சாயத்தின் கணக்கில் சேரும் பணம் ஆகிய மூன்றும் இந்தப் பகிர்வைப் பொறுத்தவை. அப்பகிர்வைக் கிராமத்தின் கண்கொண்டு ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பகிர்வு ஏன்?

நமது நாடு மிகப் பரந்தது. காவிரிப் பாசனத்து நஞ்சைக்கு ஏற்ற விதி ராஜஸ்தானத்துப் பாலை நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் நாணயமும், ரயில் பாதையும், எல்லைக் காவலும் ஊருக்கு ஊர் வேறுபட முடியாது. ஆகவே, நாடு முழுமைக்கும் ஒரே விதமாக இருக்க வேண்டியவற்றை நாட்டின் அரசாங்கமும், இடத்துக்கு ஏற்றவாறு அமைய வேண்டியவற்றை மக்களுக்கு அருகிலுள்ள அரசாங்கமும் கவனிப்பதே முறை என்பது புலனாகும்.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய விஷயங்களையும் மாகாண விஷயங்களையும் பிரித்தது. மாகாணங்களில் விவசாயம், ஸ்தல சுயாட்சி, கல்வி போன்றவை இந்திய மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நில வரியும் போலீஸும் கவர்னரின் நேர் பொறுப்பிலேயே இருந்தன. இதனையே இரட்டையாட்சி என்றனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாக வகுத்தது. 1950 ஜனவரி 26 அன்று அமுலுக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம் அந்த மூன்று பட்டியல் முறையை ஏற்றுக்கொண்டது. எனினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னைய சட்டங்களில் அதிகாரம் லண்டனிலிருந்து இறங்கி வந்தது. இப்போது மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் தத்தம் அதிகாரத்தை ஒரே அரசியலமைப்புச் சட்டத்திலிருந்து பெறுகின்றன. மாநில அரசாங்கம் மத்திய அரசாங்கத்தின் கிளைக் காரியாலயம் அன்று என்பதை முதற்கண் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்று பட்டியல்கள்

அரசியலமைப்புச் சட்டத்தின் 246-வது ஷரத்தும் ஏழாவது அட்டவணையும் இப்பகிர்வைக் கூறுகின்றன. தொடக்கத்தில் மத்தியப் பட்டியலில் 97 இனங்களும், மாநிலப் பட்டியலில் 66 இனங்களும், பொதுப் பட்டியலில் 47 இனங்களும் இருந்தன. பின்னர் வந்த திருத்தங்களால் சில நீங்கின, சில சேர்ந்தன.

மத்தியப் பட்டியலில் உள்ளவற்றுள் கிராமத்தார் நேரில் காண்பவை: ரயில்வே, தபால், தேசிய நெடுஞ்சாலைகள், நாணயம், பாங்கித் தொழில், அயல்நாட்டு ஏற்றுமதி இறக்குமதி. வெங்காயத்தின் ஏற்றுமதியைத் தடுப்பதும் அனுமதிப்பதும் மத்திய அரசாங்கத்தின் கையில் இருப்பது இதனாலேயே.

மாநிலப் பட்டியல் ஏறக்குறைய கிராமத்தின் பட்டியலே எனலாம். விவசாயம் 14-வது இனம். தண்ணீர் 17-வது இனம். நிலம் 18-வது இனம். சந்தைகள் 28-வது இனம். நில வரி 45-வது இனம். பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் 6-வது இனம். பஞ்சாயத்து உள்ளிட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் 5-வது இனம்.

பொதுப் பட்டியலில் உள்ளவற்றைக் குறித்து இரு அரசாங்கங்களும் சட்டம் இயற்றலாம். மின்சாரம், பொருளாதாரத் திட்டமிடல், உணவுப் பொருள்களின் வியாபாரம் ஆகியவை இதில் அடங்கும். கல்வியும் காடுகளும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976-ஆம் ஆண்டின் 42-வது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

எந்தப் பட்டியலிலும் சேராத புதிய விஷயம் தோன்றினால், அது மத்திய அரசாங்கத்தைச் சேரும் என்று 248-வது ஷரத்து விதிக்கிறது. மேலும், ராஜ்ய சபையில் வாக்களிப்போருள் மூன்றில் இரண்டு பங்கினர் தேச நலனை முன்னிட்டுத் தீர்மானித்தால், மாநில விஷயத்திலும் பார்லிமெண்டு தற்காலிகமாகச் சட்டம் இயற்றலாம். இவற்றால் தராசு மத்திய அரசாங்கத்தின் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அத்தாழ்வு எவ்வளவு இருக்கலாம் என்பது நெடுநாளைய விவாதம். தமிழக அரசாங்கம் 1969-ல் அமைத்த இராசமன்னார் குழு 1971-லும், மத்திய அரசாங்கம் 1983-ல் அமைத்த சர்க்காரியா கமிஷன் 1988-லும் இதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தன.

இரு சட்டங்கள் மோதினால்

பொது விஷயத்தில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்பது 254-வது ஷரத்தின் பொது விதி. அதற்கு ஒரு விலக்கும் உண்டு. மாநிலச் சட்டத்தை ஜனாதிபதியின் ஆலோசனைக்கு அனுப்பி, அவருடைய சம்மதம் பெற்றுவிட்டால், அந்த மாநிலத்தில் மட்டும் மாநிலச் சட்டமே செல்லும்.

ஜல்லிக்கட்டு வழக்கு இதற்குத் தக்க சான்று. விலங்குகளை வதைப்பதைத் தடுத்தல் பொதுப் பட்டியலைச் சேர்ந்தது. அதற்காகப் பார்லிமெண்டு 1960-ல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. தமிழக சட்டசபை 2009-ல் இயற்றிய ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் அந்த மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. 2017-ல் தமிழக சட்டசபை அந்த மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டைப் பொறுத்தமட்டில் திருத்தி, ஜனாதிபதியின் சம்மதத்தையும் பெற்றது. அத்திருத்தம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 மே 18 அன்று உறுதி செய்தது. மாநில அரசாங்கத்தின் விருப்பம் ஒன்றே போதாது, உரிய வழியும் வேண்டும் என்பதை இவ்வழக்கு விளக்குகிறது.

தண்ணீர் யாருடையது?

தண்ணீர் மாநில விஷயம் என்று மேலே கண்டோம். ஆனால் பல மாநிலங்களின் வழியே ஓடும் நதியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், மத்தியப் பட்டியலின் 56-வது இனத்தின்படி, பார்லிமெண்டு சட்டம் இயற்றும் அளவுக்கு மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்ததாகும். இத்தகைய தகராறுகளைத் தீர்க்க 262-வது ஷரத்தின் கீழ் 1956-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காவிரித் தகராறுக்காக 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5-ல் வெளியான அதன் இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. வழங்கியது. சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16 அன்று அதனை 404.25 டி.எம்.சி. என மாற்றியமைத்தது. ஆண்டுதோறும் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் விடவேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என்று வகுக்கப்பட்டது. இதனை நிறைவேற்ற 2018 ஜூன் மாதத்தில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆகவே மேட்டூருக்கு வரும் நீரின் அளவு மாநில அரசாங்கம் தானே முடிவு செய்யும் விஷயமன்று. ஆனால் மேட்டூரிலிருந்து புறப்பட்ட நீரை வாய்க்கால்களில் பங்கிடுவது மாநில அரசாங்கத்தின் பொறுப்பே. ஏரிகளிலும் பிரிவினை உண்டு. தமிழ்நாட்டில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகளை நீர்வள இலாகா பராமரிக்கிறது. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்பில் உள்ளன. ஏரிப் புறம்போக்கின் எல்லையை அளந்து காட்டுவது ரெவின்யூ இலாகாவின் வேலை. மதகு பழுதானால், முதலில் ஆயக்கட்டின் பரப்பைக் கணக்கு ஏட்டில் பார்த்துக்கொண்ட பின்னரே மகஜர் எழுதத் தொடங்குவது நன்று.

நெல்லும் சந்தையும்

விவசாயமும் சந்தைகளும் மாநிலப் பட்டியலில் இருக்க, உணவுப் பொருள்களின் வியாபாரம் பொதுப் பட்டியலின் 33-வது இனத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் எல்லை எங்கே என்பது எளிதில் விடை காண முடியாத வினா. பார்லிமெண்டு 2020 செப்டம்பரில் மூன்று விவசாயச் சட்டங்களை இயற்றியபோது, மத்திய அரசாங்கம் 33-வது இனத்தைச் சுட்டிக் காட்டியது. பல மாநிலங்களோ, விவசாயமும் சந்தையும் தங்களுக்கு உரியவை என்று வாதித்தன. சுப்ரீம் கோர்ட்டு 2021 ஜனவரியில் அச்சட்டங்களின் அமுலை நிறுத்தி வைத்தது. 2021 நவம்பரில் பார்லிமெண்டே அவற்றை ரத்து செய்தது. அதிகாரம் யாருடையது என்ற கேள்விக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வருமுன்னரே சட்டங்கள் நீங்கிவிட்டன, கேள்வி நின்றுவிட்டது.

நெல் கொள்முதலில் இரு அரசாங்கங்களும் கைகோத்து நிற்பதைக் காணலாம். குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிப்பது மத்திய அரசாங்கம். அதற்குமேல் ஊக்கத்தொகை தருவது மாநில அரசாங்கம். நேரடிக் கொள்முதல் நிலையங்களை நடத்துவது மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று வரையறுத்திருப்பது மத்திய அரசாங்கம். அறுவடைக் காலத்தில் மழை பெய்து நெல் நனைந்துவிட்டால், கொள்முதல் நிலையத்து எழுத்தரிடம் வாதிட்டுப் பயனில்லை. வரம்பைத் தளர்த்த அவருக்கும் அதிகாரமில்லை, அவருடைய மேலதிகாரிக்கும் இல்லை. மாநில அரசாங்கம் மத்திய அரசாங்கத்துக்கு எழுதவேண்டும். மத்தியக் குழுவினர் வந்து மாதிரி எடுத்துப் பார்ப்பர். அதன் பின்னரே தளர்வு கிடைக்கும். இதற்கு நாள்கள் ஆகும். ஆகவே, மழை நின்ற மறுநாளே பல பஞ்சாயத்துகள் கூடி, எத்தனை ஏக்கர் நனைந்தது என்ற விவரத்துடன் கலெக்டர் வழியாக மாநில அரசாங்கத்தை அணுகுவதே பயன் தரும். ஆனால் சாக்குப் பற்றாக்குறை, எடையில் குறை, நிலையம் திறப்பதில் தாமதம் போன்ற குறைகளுக்கு டெல்லிக்கு எழுத வேண்டுவதில்லை. அவை முற்றிலும் மாநிலத்திலேயே தீரக்கூடியவை.

பணம் வரும் வழி

அதிகாரம் இருந்தும் பணம் இல்லாவிடில் பயனில்லை. பெரும் வருவாய் தரும் வருமான வரியும் சுங்க வரியும் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. பெருஞ்செலவு பிடிக்கும் ஆஸ்பத்திரிகள், பாசனம், போலீஸ் ஆகியவை மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தவை. இவ்வேற்றத்தாழ்வைச் சரிசெய்ய, ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ அதற்கு முன்னரோ நிதிக் கமிஷனை அமைக்கும்படி 280-வது ஷரத்து கூறுகிறது. முதல் கமிஷன் 1951-ல் அமைந்தது.

15-வது நிதிக் கமிஷன், 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, பங்கிடத்தக்க மத்திய வரித் தொகையில் 41 சதவீதத்தை மாநிலங்கள் அனைத்துக்கும் வழங்கப் பரிந்துரைத்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். அதாவது, பங்கிடத்தக்க ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 1 ரூபாய் 67 காசு தமிழ்நாட்டுக்கு உரியது. "செஸ்" என்றும் "சர்சார்ஜ்" என்றும் விதிக்கப்படும் மேல்வரிகள் இந்தப் பங்கீட்டில் சேர்வதில்லை என்பதையும் அறிய வேண்டும். மேல்வரி பெருகினால் மாநிலங்களின் உண்மைப் பங்கு குறையும்.

விற்பனை வரியின் பெரும்பகுதி 2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரியாக மாறிற்று. அதன் விகிதங்களை ஆலோசிக்கும் கவுன்சிலில் மத்திய அரசாங்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கும், மாநிலங்கள் அனைத்துக்குமாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் உண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆகவே, மத்திய அரசாங்கம் தனித்தும் முடிவு செய்ய முடியாது. மாநிலங்கள் ஒன்றுசேர்ந்தாலும் மத்திய அரசாங்கமின்றி முடிவு செய்ய முடியாது.

பஞ்சாயத்துகளுக்கும் நிதிக் கமிஷன் மான்யம் உண்டு. 15-வது கமிஷன் கிராமப்புற ஸ்தல ஸ்தாபனங்களுக்காக ஐந்தாண்டுகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தைச் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவு நீங்கலாக ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று வகுக்கப்பட்டது.

வரி விதிப்பிலும் எல்லை உண்டு. ஊரிலுள்ள மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தமான ரயில் நிலையத்துக்கோ தபால் கட்டிடத்துக்கோ பஞ்சாயத்து வீட்டு வரி விதிக்க முடியாது. 285-வது ஷரத்து அதற்கு விலக்கு அளிக்கிறது. தபால் நிலையம் தனியார் கட்டிடத்தில் வாடகைக்கு இருந்தால், கட்டிடத்தின் சொந்தக்காரர் வரி செலுத்தவேண்டியவரே.

பஞ்சாயத்தின் இடம்

கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயலவேண்டும் என்று 40-வது ஷரத்து தொடக்கத்திலிருந்தே கூறிவந்தது. எனினும் அது வழிகாட்டும் கொள்கையே. கோர்ட்டு மூலம் கேட்டுப் பெறும் உரிமையன்று. பல்வந்தராய் மேத்தா குழு 1957-ல் அளித்த அறிக்கையும், 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டமும் ஸ்தல ஆட்சிக்கு உருவம் தந்தன. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமுலுக்கு வந்தபின், கிராம சபையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும், மாநிலத் தேர்தல் கமிஷனும், மாநில நிதிக் கமிஷனும் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் பெற்றன. தமிழ்நாட்டின் இன்றைய பஞ்சாயத்துச் சட்டம் 1994-ல் வந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பஞ்சாயத்துக்கெனத் தனியாக நான்காவது அதிகாரப் பட்டியல் கிடையாது. பதினோராவது அட்டவணையில் விவசாயம், சிறு பாசனம், குடிநீர், கிராமச் சாலைகள் முதலிய 29 இனங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றில் எதை, எந்த அளவுக்குப் பஞ்சாயத்திடம் ஒப்படைப்பது என்பதை 243-ஜி ஷரத்து மாநில சட்டசபையிடம் விட்டிருக்கிறது. மத்திய அரசாங்கத்திடமிருந்து மாநிலம் அதிகாரம் கேட்கும் நியாயம் எதுவோ, அதே நியாயப்படி மாநிலத்திடமிருந்து பஞ்சாயத்தும் அதிகாரம் கேட்கலாம். மக்களுக்கு அருகிலிருப்போரே மக்களின் தேவையை நன்கறிவர் என்ற வாதம் சென்னையோடு நின்றுவிடுவதன்று. அது கிராம சாவடி வரை வரவேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிடில் நேரும் இழப்பையும் நாம் கண்டுள்ளோம். 2016 அக்டோபர் முதல் தமிழ்நாட்டின் கிராமப் பஞ்சாயத்துகள் தனி அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தன. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலுமே தேர்தல் நடந்தது. முறைப்படி அமைந்த மன்றங்களுக்கே மான்யம் என்பது 14-வது நிதிக் கமிஷனின் நிபந்தனையாதலால், மத்திய மான்யம் இடையில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் காத்திருக்க நேர்ந்தது. அதிகாரப் பகிர்வு ஏட்டில் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும், அதனை ஏற்று நடத்தும் மன்றம் ஊரில் உயிரோடு இருக்கவேண்டும்.

மகஜர் எழுதுமுன்

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். முதலாவது: இந்தக் காரியத்தைக் குறித்த சட்டம் யாருடையது? இரண்டாவது: அதற்குப் பணம் தருபவர் யார்? மூன்றாவது: அதனை ஊரில் நிறைவேற்றுபவர் யார்? இம்மூன்றுக்கும் விடை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

ரேஷன் கடையைப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பார்லிமெண்டினுடையது. அச்சட்டத்தின் கீழ் அரிசி ஒதுக்குவது மத்திய அரசாங்கம். அச்சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் சேராத குடும்பங்களுக்கும் அரிசி வழங்குவது தமிழக அரசாங்கத்தின் சொந்த முடிவும் செலவுமாகும். கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவு சங்கம். எடை குறைந்தால் சங்கத்தையும் வட்ட வழங்கல் அதிகாரியையும் கேட்கவேண்டும். ஒதுக்கீட்டின் அளவே குறைந்தால் மாநில அரசாங்கம் டெல்லியைக் கேட்கவேண்டும்.

பம்பு செட்டு மின்சாரமும் அவ்வாறே. மின்சாரச் சட்டம் பார்லிமெண்டு 2003-ல் இயற்றியது. விவசாயிக்கு இலவச மின்சாரம் தருவது மாநிலத்தின் கொள்கை. அதற்கான மான்யத்தை மாநில அரசாங்கமே மின் விநியோகக் கழகத்துக்குச் செலுத்தவேண்டும் என்று அம்மத்தியச் சட்டம் விதிக்கிறது.

தன் அதிகாரம் எதுவரை என்று அறிந்த பஞ்சாயத்து வீணாக மன்றாடுவதில்லை. பிறர் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவும் இடம் தருவதில்லை. வாசகர்கள் தங்கள் ஊர் மன்றத்தில் கீழ்க்கண்ட வினாக்களை ஆலோசிப்பார்களாக.

1. நமது ஊர் ஏரியின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்? அதனைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது?

2. நமது ஊர் வழியாகச் செல்லும் சாலைகளில் எவை தேசிய நெடுஞ்சாலை, எவை மாநிலச் சாலை, எவை யூனியன் சாலை, எவை பஞ்சாயத்துச் சாலை?

3. சென்ற ஆண்டு நமது பஞ்சாயத்துக்கு வந்த பணத்தில் மத்திய நிதிக் கமிஷன் மான்யம் எவ்வளவு, மாநில நிதிக் கமிஷன் மான்யம் எவ்வளவு, நாமே விதித்து வசூலித்த வரி எவ்வளவு?

4. பதினோராவது அட்டவணையின் 29 இனங்களில் நமது பஞ்சாயத்து இப்போது உண்மையில் செய்துவருபவை எவை? ஒப்படைத்தால் நாமே செவ்வனே செய்யக்கூடியவை எவை?

நான்காவது வினாவுக்கான விடையைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். அதிகாரம் கேட்பதற்கு அதுவே முறையான முதற்படி.